கூம்பின் உச்சியில் ஒருவர்

சங்கப் பாடல்களில் பாய்மரத்திற்குக் 'கூம்பு' என்றொரு பெயர் உண்டு. அடி பருத்து, மேலே செல்லச் செல்லக் குறுகி, நுனியில் ஒடுங்கும் வடிவம் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. புறநானூற்றில் அச்சொல் வரும் இடத்தை ஒரு பிற்பகல் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். உணவு இடைவேளைக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப்பேர் விழித்திருந்தார்கள், மீதிப்பேர் விழித்திருப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவ்வளவு உயரத்தில கயிறு சிக்கிக்கிட்டா யாரு ஏறி எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"மாலுமிகள் ஏறுவார்கள்" என்றோம்.

"படகுல ஒரே ஒருத்தர்தான் இருந்தா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்க அப்பா பனை ஏறுறவங்க, ஐயா. தனியாத்தான் ஏறுவாங்க. மேல போறது பெரிசில்ல, பத்திரமா கீழ வர்றதுதான் பெரிசுன்னு சொல்லுவாங்க. பனையாவது நின்ன இடத்துல நிக்கும். கடல்ல மரமும் சேர்ந்து ஆடுமே!"

அன்று மணி அடித்து நம்மைக் காப்பாற்றியது. ஆனால் அந்த வினா நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தன்னந்தனியே கடலைக் கடப்பவர்களின் பயணங்களைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் அதன்பின் தேடிப் படித்தோம். அந்தப் பயணங்களில் புயல்களும் திமிங்கிலங்களும் உண்டு, மாதக்கணக்கான தனிமையும் உண்டு. இருந்தும் பெரும்பாலான மாலுமிகளின் குரல் தாழ்ந்து ஒலிக்கும் இடம் ஒன்றுதான்: நடுக்கடலில், தனியாக, பாய்மரத்தின் உச்சிக்கு ஏறவேண்டி வந்த நாள். அந்த ஏற்றத்தின் வரலாற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பலர் ஏறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பாய்க்கப்பல்களில் மரமேறுதல் அன்றாட வேலை. 1869ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சீனத்துத் தேயிலையை லண்டனுக்குக் கொண்டுவந்த 'கட்டி சார்க்' என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோம். இன்று கிரீனிச்சில் காட்சிப்பொருளாக நிற்கும் அக்கப்பலின் நடுப் பாய்மரம் ஏறத்தாழ 46 மீட்டர் உயரம். அதாவது பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம். கப்பலின் இரு விளிம்புகளிலிருந்தும் மரத்தை நோக்கி எழும் தடித்த தாங்குகயிறுகளுக்குக் குறுக்கே மெல்லிய கயிறுகளைப் படிப்படியாகக் கட்டியிருப்பார்கள். மாலுமிகளுக்கு அதுவே ஏணி. அதில் ஏறி, மரத்திற்குக் குறுக்கே கிடக்கும் பருமலை அடைந்து, பருமலுக்குக் கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றின்மேல் காலூன்றி, வயிற்றைப் பருமலின்மீது அழுத்திக் குனிந்து, காற்றில் படபடக்கும் பாயைச் சுருட்டிக் கட்டுவார்கள்.

இடுப்பில் கயிறு கிடையாது. மழையிலும் இருளிலும் இதே வேலைதான். கேப் ஹார்ன் முனையைச் சுற்றும் நாள்களில் கயிறுகளின்மேல் பனி உறைந்திருந்தாலும் வேலை நிற்காது. 'ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு' என்பது அக்கால மாலுமிகள் புதியவர்களுக்குச் சொல்லிவந்த விதி. ஆனால் நனைந்து விறைத்த பாயைச் சுருட்ட ஒரு கை போதாது. தனக்கென வைத்திருந்த கையையும் கப்பலுக்குக் கொடுத்தவர்களில் சிலர் தளத்திலும் சிலர் கடலிலும் வீழ்ந்தனர். முழுப் பாயும் விரித்து ஓடும் கப்பலைச் சட்டென நிறுத்தித் திருப்ப முடியாது. ஆகவே கடலில் வீழ்ந்தவரைத் திரும்பப் பெறுவது அரிது.

இத்தனை கொடுமைக்கிடையிலும் அம்மாலுமிகளுக்கு ஒரு செல்வம் இருந்தது. அவர்கள் தனியாக ஏறவில்லை. வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன், கீழே தளத்தில் பலர்.

பாய் சுருட்டும் வேலை போக, மரத்திற்கே பழுது பார்க்கும் வேலையும் உண்டு. தார் பூச வேண்டும், கப்பிக்கு எண்ணெய் இட வேண்டும், தேய்ந்த கயிற்றை மாற்ற வேண்டும். இதற்கு ஓர் ஊஞ்சல் பலகை பயன்பட்டது. குறுகிய பலகை ஒன்றின் இரு முனைகளிலும் கயிறு கோத்து, அதைப் பாய் ஏற்றும் கயிற்றோடு பிணைப்பார்கள். பாய் ஏற்றும் இக்கயிற்றிற்குத் தமிழ் அகராதிகளில் 'ஆஞ்சான்' என்ற அருமையான சொல் இருக்கிறது. ஒருவர் பலகையில் அமர, கீழே நிற்பவர் ஆஞ்சானை இழுத்து அவரை மேலேற்றுவார். வேலை முடியும்வரை கயிற்றைக் கட்டிக் காவல் இருப்பார். மேலிருந்து குரல் வந்ததும் மெல்ல மெல்ல இறக்குவார். மேலே தொங்குபவரின் உயிர் முழுவதும் கீழே நிற்பவரின் இரு உள்ளங்கைகளில் இருக்கும்.

இந்தக் கீழே நிற்பவரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். அவர் இல்லாதபோது என்ன நிகழ்ந்தது என்பதே இனிவரும் வரலாறு.

தனியொருவரின் படகு

ஜோஷுவா ஸ்லோக்கம் என்பவர் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, அமெரிக்கக் கொடியின் கீழ்க் கப்பல் தலைவராக விளங்கியவர். நீராவிக் கப்பல்கள் பெருகியதால் பாய்க்கப்பல்காரருக்கு வேலை அருகிய காலத்தில், ஒரு வயலில் கிடந்த பழைய 'ஸ்ப்ரே' என்னும் படகைத் தம் கையாலேயே மீளக் கட்டினார். ஏறத்தாழ 37 அடி நீளமுள்ள அப்படகில் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 1898 ஜூனில் நியூபோர்ட் திரும்பினார். தனியாக உலகைப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே.

ஸ்லோக்கம் தம் பாய்மரத்தை நடத்திய விதத்தில் ஓர் அறிவு இருக்கிறது. தென்கடலின் காற்றுக்குள் நுழையுமுன் போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் மரத்தைக் கழற்றி ஏழு அடி வெட்டிக் குறைத்தார். உயர்ந்த மரம் மிகுதியான பாயைத் தாங்கும், மிகுதியான வேகம் தரும். ஆனால் தனியாளுக்கு வேகத்தைவிடத் தம்மால் ஆளக்கூடிய அளவே முதன்மை. அக்காலப் படகுகளில் பாயை மரத்தோடு இணைக்க மர வளையங்கள் உண்டு. தேவைப்பட்டால் பாயை ஏற்றிவிட்டு, அவ்வளையங்களில் கால்வைத்தே ஓரளவு மேலே செல்லலாம். ஏறுவதற்கான வழி படகின் அமைப்பிலேயே இருந்தது.

படகோனியாக் கடற்கரை அருகே பேரலை ஒன்று எழுந்து வருவதை ஸ்லோக்கம் கண்டார். பாய்களை இறக்கிவிட்டுக் கயிறுகளைப் பற்றி மேலேறித் தொங்கினார். அலை படகை முழுதாக மூடிச் சென்றது. மேலே இருந்ததால் அவர் அடித்துச் செல்லப்படவில்லை. பின்வந்தோருக்கு அச்சம் தந்த மரம் அன்று அவருக்குப் புகலிடம் ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் படகுகளின் தோற்றம் மாறியது. குட்டையான தடித்த மரமும் நாற்கோணப் பாயும் மறைந்து, நெட்டையான ஒல்லி மரமும் முக்கோணப் பாயும் வந்தன. அந்த மரத்தைப் பல கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும் காட்சி மார்க்கோனியின் வானொலிக் கோபுரங்களை நினைவூட்டியதால், அதற்கு மார்க்கோனி அமைப்பு என்ற பெயரும் வழங்கியது. மரத்திற்குப் பதில் அலுமினியக் குழாயும், பின்னர்ப் பந்தயப் படகுகளில் கரிம இழையும் வந்தன. வளையங்கள் போயின, குறுக்குக் கயிற்று ஏணியும் போயிற்று. வழுவழுப்பான கம்பம் ஒன்று எஞ்சியது. அதே வேளையில் உச்சியில் இருக்கும் பொருள்கள் பெருகின. ஆஞ்சான் ஓடும் கப்பிகள், விளக்கு, வானொலி அலைவாங்கி, காற்றின் திசையும் வேகமும் காட்டும் கருவிகள் எனப் பல அங்கே குடியேறின. அவற்றில் எது பழுதானாலும் ஒருவர் அங்கே சென்றாக வேண்டும். செல்லும் வழியோ அழிக்கப்பட்டுவிட்டது.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து 'சுஹைலி' என்ற 32 அடிப் படகில் புறப்பட்டார். நம் மும்பையில், தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு அது. ஒன்பது பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் முடித்தவர் அவர் ஒருவரே. 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாள்களுக்குப் பின், எங்கும் கரை தொடாமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதராக அதே துறைமுகத்திற்குத் திரும்பினார். அட்லாண்டிக் கடலில் படகின் அடிப்பகுதியில் நீர் புகுந்தபோது தாமே மூழ்கி இணைப்பை அடைத்தவர் அவர். கரை தொடக்கூடாது, பிறர் உதவி பெறக்கூடாது என்ற விதி வந்தபின், மாலுமியே தச்சர், அவரே பொறியாளர், அவரே கம்பமேறி. கீழே மூழ்கவும் மேலே ஏறவும் அவர் ஒருவரே.

மலையிலிருந்து வந்த முடிச்சு

கடலோரின் இக்கட்டுக்கு விடை கடலில் பிறக்கவில்லை. மலையில் பிறந்தது.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக் என்ற மலையேறி 1931ஆம் ஆண்டு ஒரு முடிச்சை வெளியிட்டார். மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைத் தடித்த கயிற்றின்மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தன்னுள் தானே நுழைத்து எடுப்பதே அம்முடிச்சு. எடை ஏறினால் தடித்த கயிற்றை இறுகப் பற்றும். எடையை எடுத்துவிட்டால் விரலால் தள்ளவே மேலே நகரும். இத்தகைய முடிச்சுகள் இரண்டு இருந்தால் தொங்கும் கயிறே ஏணி ஆகிவிடும். ஒன்றில் அமர்ந்து மற்றதை மேலே தள்ளலாம், பின் அதில் நின்று முதலாவதைத் தள்ளலாம்.

1958ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் யூசி, மார்ட்டி என்ற இருவர் இம்முடிச்சின் வேலையைச் செய்யும் உலோகப் பிடி ஒன்றை உருவாக்கினர். யூசி கழுகுகளை ஆராய்பவர். அவற்றின் கூடுகளைக் காணப் பாறைகளில் கயிற்றில் தொங்க வேண்டியிருந்தது. இருவர் பெயரின் முன்னெழுத்துகளும் சேர்ந்து 'ஜூமார்' என்ற சொல் பிறந்தது. கயிற்றில் மேலே நகர்ந்து, கீழே நகர மறுக்கும் பல்லுள்ள பிடி அது. 1991இல் ஃபிரான்ஸ் நாட்டு நிறுவனமான பெட்ஸல் 'கிரிகிரி' என்ற கருவியை வெளியிட்டது. மகிழுந்தின் இருக்கைப் பட்டை திடீரென இழுபட்டால் பூட்டிக்கொள்வதுபோல, கயிறு விரைந்து ஓட முற்பட்டால் இக்கருவி அதைத் தானே கவ்வும். நெம்பை மெல்ல அழுத்தினால் விரும்பிய வேகத்தில் இறங்கலாம். பாறையேறுவோருக்கெனச் செய்த அக்கருவி பாய்மரத்திலும் இடம்பிடித்தது.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. முடிச்சு செய்வது என்ன? ஏறியவரைக் கீழே நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கிரிகிரி செய்வது என்ன? அளவறிந்து இறக்கிவிடுகிறது. பழைய கப்பலில் கீழே நின்ற மனிதரின் இரு கடமைகளும் இவைதாமே! இல்லாத ஒருவரின் கைகளைக் கயிற்றாலும் உலோகத்தாலும் செய்து எடுத்துக்கொண்டு தனிமாலுமி மேலே போகிறார்.

ஏறும் முறை

முறை தெரியாமல் துணிவை மட்டும் புகழ்வது நம் மரபன்று. ஆகவே ஏறும் முறையைச் சற்று விரித்துரைப்போம்.

முதலில் ஆஞ்சான். அதன் ஒரு முனை மர உச்சியின் கப்பி வழியாகச் சென்று தளத்தில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். மறுமுனையும் தளத்தில் இழுத்துக் கட்டப்பட்டால், மரத்தை ஒட்டி விறைப்பான கயிறொன்று நிற்கும். அதுவே ஏறும் வழி. எளிதில் கழற்றும் கொக்கிகளை நம்பாமல், முடிச்சிட்டே கட்டுவர். ஏறுமுன் தளத்திலேயே முழு எடையையும் கயிற்றில் போட்டுக் குதித்துப் பார்ப்பர். அறுவதானால் அரையடி உயரத்தில் அறட்டும்!

இரண்டாவது, மற்றொரு ஆஞ்சான். ஏறும் கயிற்றோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல், வேறு கப்பியில் ஓடும் தனிக் கயிறு. அதில் தனிப் பிடி ஒன்று மாலுமியோடு கூடவே மேலே வரும். முதற்கயிறோ அதன் கப்பியோ ஏமாற்றினால் இரண்டாவது தாங்கும். பல்லுள்ள பிடிகள் திடீர் வீழ்ச்சியைத் தாங்குவதற்கென அமைந்தவை அல்ல. எனவே அவற்றுக்கு மேலே கயிற்றில் தளர்வு விடாமல் அடிக்கடி சரிசெய்ய வேண்டும். புதிய வகை இழைகளால் ஆன சில கயிறுகள் எஃகைவிட வலியவை ஆயினும் வழுக்கும் தன்மை உடையவை. அவற்றில் முடிச்சும் பிடியும் நழுவக்கூடும். வலிமை வேறு, பற்றுதல் வேறு.

மேற்பிடி இடுப்புக் கச்சையோடு இணையும், கீழ்ப்பிடியில் கால் வளையம் தொங்கும். நம் பனையேறிகளின் தளைநாரை அறிந்தவர்களுக்குக் கால் வளையத்தை விளக்க வேண்டியதில்லை. வளையத்தில் நிமிர்ந்து நின்று மேற்பிடியைத் தள்ள வேண்டும். அமர்ந்து, காலை மடக்கிக் கீழ்ப்பிடியைத் தள்ள வேண்டும். ஒருமுறைக்கு 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், 27 மீட்டர் மரத்திற்கு 90 முறை நிமிர்ந்து அமர வேண்டும்.

வேறு வழிகளும் உண்டு. ஊஞ்சல் பலகையில் அமர்ந்து, தன்னைத் தானே கப்பியால் இழுத்துக்கொள்வது ஒன்று. இதில் ஒரு வியப்பான கணக்கு இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவரை உச்சியிலுள்ள ஒற்றைக் கப்பி வழியாகத் தளத்தில் நிற்பவர் தூக்கினால், அவர் 70 கிலோவுக்குரிய விசையோடு இழுக்க வேண்டும். கப்பியோ இருபுற இழுப்பையும் சேர்த்து 140 கிலோவைத் தாங்க வேண்டும். அதே ஆள் பலகையில் அமர்ந்தபடி கயிற்றின் மறுமுனையைத் தாமே இழுத்தால் 35 கிலோவுக்குரிய விசை போதும் (உராய்வைக் கணக்கில் கொள்ளாவிடில்). கப்பியின்மேல் விழும் சுமையும் 70தான். தனிமையில் ஏறுபவருக்கு இயற்கை தரும் ஒரே சலுகை இது என்று நினைக்கிறோம்.

சலுகை அதோடு முடிந்தது. அந்த மாணவி சொன்னதுபோல, மரம் ஆடும். படகு ஒவ்வொரு பக்கமும் பத்துப் பாகை சாய்கிறது என்று கொள்வோம். தளத்தில் நிற்பவருக்கு அது தேநீர்க் குவளை நகரும் அளவு ஆட்டம். இருபது மீட்டர் உயரத்தில் இருப்பவரோ ஒவ்வொரு பக்கமும் மூன்றரை மீட்டர், மொத்தம் ஏழு மீட்டர் அகலத்திற்கு வீசப்படுவார். சில நொடிகளுக்கு ஒருமுறை இது நிகழும். பிடி தளர்ந்தால் ஊசல்போல் வெளியே சென்று, திரும்பி வந்து மரத்தில் மோதுவார். கீழே விழுந்து இறப்பவரைக் கயிறு காக்கும். மோதி எலும்பு முறிவதைக் கயிறு காக்காது. அதனால்தான் மரத்தைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வதும், தலைக்கவசம் அணிவதும், கால்களால் மரத்தைக் கவ்வி ஏறுவதும் வழக்கமாயின.

படகை யார் ஓட்டுவது? தானியங்கிச் சுக்கான். பாய்களை முழுவதும் இறக்கிவிட்டால் படகு இன்னும் அதிகமாக உருளும் என்பது அனுபவம் தந்த பாடம். காற்று பாயை அழுத்திக்கொண்டிருக்கும்போது ஆட்டம் ஓரளவு அடங்கும். எனவே குறைந்த பாயுடன், அலையின் போக்கை ஒட்டி, மெதுவாக ஓடவிட்டு ஏறுவோரே பலர். கருவிகள் ஒவ்வொன்றும் சிறு கயிற்றால் கச்சையோடு கட்டப்பட்டிருக்கும். திருப்புளி ஒன்று கை நழுவினால் மீண்டும் 90 முறை நிமிர்ந்து அமர வேண்டும் அல்லவா? கச்சையில் அசைவின்றி நெடுநேரம் தொங்கினால் கால்களில் குருதி தேங்கி மயக்கம் வரலாம். ஆகவே கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலையைச் சுருக்கமாக முடிக்க வேண்டும். இறங்குவதற்கான கருவியை எப்படி மாற்றிப் பொருத்துவது என்பதைத் துறைமுகத்திலேயே பலமுறை பழகியிருக்க வேண்டும். களைத்த கை புதிதாக எதையும் கற்காது.

மூன்று ஏற்றங்கள்

இங்கிலாந்தின் எலன் மெக்கார்தர் 2000-01ஆம் ஆண்டு வாந்தே குளோப் போட்டியில் 'கிங்ஃபிஷர்' என்ற 60 அடிப் படகில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 24. அப்படகின் மரம் ஏறத்தாழ 27 மீட்டர். அப்பயணத்தில் அவர் ஒருமுறைக்கு மேல் மரமேற வேண்டியிருந்தது. 94 நாள்களில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார். 2004 நவம்பரில் மூன்று உடல்கள் கொண்ட 75 அடிப் படகில் உலகச் சாதனைக்காக மீண்டும் புறப்பட்டார். கேப் ஹார்னைக் கடந்து, 2005 ஜனவரியில் அட்லாண்டிக்கில் வடக்கு நோக்கி வரும்போது, பெரும்பாயின் தலைப்பகுதியை மரத்தோடு இணைக்கும் உறுப்பு பழுதானது. ஏறத்தாழ 30 மீட்டர் மரம். மூவுடல் படகின் ஆட்டம் ஊசல் ஆட்டம் அன்று, உதறல். அவர் ஏறினார், மரத்தில் மோதி உடலெங்கும் கன்றிப்போய் இறங்கினார். பழுது முற்றிலும் தீராததால் மீண்டும் ஏறினார். பிப்ரவரி 7 அன்று 71 நாள், 14 மணி, 18 நிமிடத்தில் சுற்றை முடித்தார். முந்தைய சாதனையைவிட ஒரு நாளும் எட்டரை மணி நேரமும் குறைவு. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்துத் துறைமுகத்திற்குச் சென்றிருந்தால் சாதனை இல்லை. ஏற்றத்தில் தவறியிருந்தால் எலனே இல்லை.

அவர் முறியடித்த சாதனைக்குரியவர் ஃபிரான்ஸின் ஃபிரான்சிஸ் ஜோயோன். சாதனையை மீட்க அவர் 2007 நவம்பரில் 'இடெக்' என்ற பெரிய மூவுடல் படகில் புறப்பட்டார். ஏறத்தாழ 32 மீட்டர் மரம். பயணத்தின் பெரும்பகுதி முடிந்து, அட்லாண்டிக்கில் வீடு நோக்கி வரும்போது, மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பியை உச்சியில் பிணைத்திருந்த பகுதி கழன்றுவரத் தொடங்கியதைக் கண்டார். இங்கு நிலைமை வேறு. எலனுக்கு மரம் உறுதியாக இருந்தது, பாய்தான் பழுது. ஜோயோனுக்கோ ஏறவேண்டிய மரமே ஐயத்திற்குரியது. விழக்கூடிய மரத்தின்மேல் ஏறித்தான் அது விழாமல் காக்க வேண்டும்! ஒருமுறைக்கு மேல் ஏறிப் பிணைப்பைக் கட்டுப்படுத்தி, 2008 ஜனவரியில் 57 நாள், 13 மணி, 34 நிமிடம் என்ற புதிய எல்லையோடு கரை சேர்ந்தார்.

மூன்றாமவர் ஜான்-லுக் வான் டென் ஹேட். 2018இல், நாக்ஸ்-ஜான்ஸ்டன் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, பழைய வகைப் படகுகளில், பழைய கருவிகளோடு ஒரு போட்டி நடந்தது. நம் நாட்டின் அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டப்பட்ட 'துரியா' என்னும் படகில் கலந்துகொண்டது இப்போட்டியில்தான். சுஹைலியின் வடிவத்தை ஒட்டியமைந்த அப்படகை அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியப் பெருங்கடல் புயல் கவிழ்த்து மரத்தை முறித்தது. முதுகெலும்பு காயமுற்ற டோமி மீட்கப்பட்டார். (மீண்டும் எழுந்து, 2022-23 போட்டியில் இரண்டாவதாக வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நவம்பரில் பசிபிக் கடலில் வான் டென் ஹேடின் 36 அடிப் படகும் அலையில் புரண்டது. மரம் முறியவில்லை. ஆனால் கீழ்த்தாங்குகம்பிகளை மரத்தோடு பிணைக்கும் ஆணி, மரத்தின் சுவரைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. சிலி நாட்டுத் துறைமுகத்திற்குத் திரும்ப முதலில் முடிவு செய்தவர், பின் கடல் சற்று அடங்கியதும் மரமேறிக் கயிறுகளால் பிணைப்பை இறுக்கினார். தளர்ந்தபோதெல்லாம் மீண்டும் ஏறினார். 2019 ஜனவரி 29 அன்று 211 நாள்களுக்குப் பின் முதலாவதாகக் கரை சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 73.

இம்மூவரிடமும் நாம் கண்டது துணிவை மட்டுமன்று. காத்திருக்கும் பொறுமையும் அவர்களிடம் இருந்தது. வான் டென் ஹேட் புயலின் நடுவே ஏறவில்லை. பழுதைக் கண்டார், அது பரவாதபடி பாயைக் குறைத்தார், கடல் இடம்கொடுத்த வேளையில் ஏறினார். இன்று ஏறலாமா, நாளை ஏறலாமா, ஏறாமலே சமாளிக்கலாமா என்று முடிவெடுக்கும் நேரம், ஏறும் நேரத்தைவிட நீண்டது.

கீழே நிற்பவர்

தொடக்கத்தில் குறிப்பிட்ட மனிதரிடம் திரும்புவோம். கீழே நிற்பவர் கயிற்றைப் பிடிப்பதோடு நின்றவர் அல்லர். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர். "காற்று எழும்புகிறது, இறங்கிவிடு" என்று சொல்லக்கூடியவர். "அந்த முடிச்சை இன்னொரு முறை பார்த்தாயா?" என்று கேட்கக்கூடியவர். கயிற்றைப் பிடிக்கும் வேலையை உலோகம் செய்துவிடும். கேட்கும் வேலையை எந்த உலோகமும் செய்யாது.

ஆகவே தனியாக ஏறுபவர் அந்தக் கேள்விகளை ஏறுமுன்பே தம்மிடம் கேட்டு முடித்தாக வேண்டும். தளத்தில் நிற்கும்போது தாமே கீழே நிற்பவராகவும், அரைமணி கழித்துத் தாமே மேலே தொங்குபவராகவும் இருக்கிறார். முன்னவரின் கவனக்குறைவைப் பின்னவரால் திருத்த முடியாது. தனிமாலுமிகள் முடிச்சை இருமுறை தொட்டுப் பார்ப்பதை நாம் பழக்கம் என்றே முதலில் எண்ணினோம். இன்னும் சற்று நேரத்தில் மேலே தொங்கப்போகும் ஒருவருக்கு அவர்கள் செய்யும் கடமை அது என்று இப்போது தோன்றுகிறது.

இக்கட்டுரையின் முதற்படியை அந்த மாணவியிடம் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பத் தந்தாள். வீட்டில் தந்தைக்கு வாசித்துக் காட்டினாளாம். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இறங்குனப்பறம் எந்தக் கயிற கடைசியா அவுப்பாங்க?"

அதை நாம் எழுத மறந்திருந்தோம். பாதுகாப்புக்கென வைத்த இரண்டாவது கயிற்றைத்தான் கடைசியாக அவிழ்ப்பார்கள், இரண்டு பாதங்களும் தளத்தில் பதிந்து, ஒரு கை உறுதியான எதையேனும் பற்றிய பிறகு என்று சொல்லியனுப்பினோம்.

"அப்பன்னா சரி" என்றாராம்.